மதிப்பூதியம் என்றொரு வசவு

எனக்குப் பணி ஓய்வு விழா நடத்தினார்கள். மாலை, சால்வை, ஒரு குத்துவிளக்கு, மிக்சரும் காபியும். பேசிய சங்கத் தலைவர் நல்ல மனிதர். என்னோடு பல மறியல்களில் கைதாகிக் கல்யாண மண்டபங்களில் அடைபட்டுக் கிடந்தவர். அவர் சொன்னார்: "தனியார்ல போய்ப் பாருங்க, ஆம்பளைக்கு ஒரு சம்பளம், பொம்பளைக்கு ஒரு சம்பளம். நம்ம கவர்மென்ட்ல அந்தப் பேச்சே கிடையாது. அம்மா வாங்குனதும் நான் வாங்குனதும் ஒரே ஸ்கேல்." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். விழா சீக்கிரம் முடிய வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் கழிக்க வேண்டும்.

32 ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் காலையில் வீட்டில் கழிப்பறைக்குப் போனால் அடுத்தது மாலையில் வீட்டில்தான். அலுவலகத்தில் கழிப்பறை இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது. ஒரு தாலுகா அலுவலகத்தில் அதற்குள் பழைய பதிவேடுகளை அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நிற்க வேண்டும். மூன்றாவதில் பூட்டுப் போட்டுச் சாவியை அலுவலக உதவியாளர் தன் சட்டைப் பையில் வைத்திருப்பார். மனு கொடுக்க வந்த ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அவரிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டோம். நீர்க்கடுப்பு வந்தது, மாத்திரை வாங்கினோம், மருத்துவ விடுப்பு எடுத்தோம். "பொம்பளைங்களப் போட்டாலே லீவுதான்" என்று சொன்னவரும் அதே அலுவலகத்தில்தான் இருந்தார். அவருக்குச் சுற்றுச்சுவர் இருந்தது.

ஸ்கேல் ஒன்றுதான், பொய்யில்லை. ஆனால் ஸ்கேல் என்பது மாதக் கடைசியில் வங்கியில் விழும் தொகை. அந்தத் தொகைக்காக முப்பது நாளும் உடம்பையும் மனதையும் என்ன நிலையில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. அதையும் தாண்டி மூன்றாவது ஒரு கணக்கு இருக்கிறது. யாரை அந்த ஸ்கேலுக்குள் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது? அதைப் பேசுவதற்குத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன். முதலில் என் சீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு வந்தது 1989இல். நான் 1992இல் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தவள். 2021இல் அதை 40 சதவீதமாக்கப் போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டைப் பழிக்கிற வேலையை நான் செய்ய மாட்டேன். அது இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் இடஒதுக்கீடு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வந்தவளுக்கு எந்த நாற்காலி என்பதை இன்னும் ஒரு ஆண்தான் முடிவு செய்கிறார்.

வருவாய்த் துறையில் 'சீட்' என்போம். பெண்களுக்கென்று சில சீட்டுகள் எழுதாத சட்டமாக இருக்கின்றன. தபால், முதியோர் பென்ஷன், சான்றிதழ். நில எடுப்பும் கனிமமும் ஆண்களுக்கு. ஃபீல்டுக்கு ஆர்.ஐ.யாகப் போய் வந்தால்தான் மேலே போக முடியும். நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். அன்றைய அதிகாரி என்னிடம் அன்பாகத்தான் பேசினார்: "ஏம்மா உங்களுக்கு இந்த வம்பு? ராத்திரியில மணல் லாரிய யாரு மடக்குறது? நீங்க பென்ஷன் சீட்டையே பாருங்க. கெழவிங்க உங்ககிட்டதான் நல்லா பேசுறாங்க." எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் எனக்கு முன்னால் ஃபீல்டுக்குப் போனார்கள். பதவி உயர்வில் அது எவ்வளவு தூரத்துக்கு இழுக்கும் என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அன்பான வார்த்தைக்கு மேல்முறையீடு கிடையாது.

கடைசியில் போனேன். மணல் லாரியையும் மடக்கினேன், ஒரே ஒரு முறை, இரவு இரண்டு மணிக்கு. பயந்தேன். என்னோடு வந்த கிராம உதவியாளர், ஆறடி ஆள், அவரும் பயந்தார். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அவர் ஆண். ஆபத்து இருக்கிறது என்றால் வாகனம் கொடு, காவல் கொடு, கடத்துகிறவனைப் பிடி. அதைச் செய்யாமல் பெண்ணை மட்டும் எடுத்துவிட்டால், ஆண் சாகலாம் என்று விட்டுவிட்டதாகத்தானே அர்த்தம்?

இதே புத்திதான் காவல் துறையிலும். தமிழ்நாடு காவல் துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல், மொத்தம் 22 பேர். தலைவர்கள் காரில் போகும் சாலையோரம் வெயிலில் மணிக்கணக்கில் நின்று, ஒதுங்க இடமில்லாமல், மாதவிடாய் நாளிலும் அப்படியே நின்றவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2021 ஜூனில் ஓர் உத்தரவு வந்தது. இனி முக்கியப் பிரமுகர்கள் போகும்போது சாலையோரப் பாதுகாப்பில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று. பாராட்டினார்கள். அந்தப் பெண்களுக்குக் கிடைத்த நிம்மதியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பாருங்கள், நடமாடும் கழிப்பறை ஒன்றை அனுப்புவதைவிடப் பெண்ணைத் திருப்பி அனுப்புவது அரசுக்குச் சுலபமாக இருந்தது. சாலையோரத்தில் இப்போது ஆண் காவலர் மட்டும் நிற்கிறார். "உங்களுக்கு மட்டும் சலுகை" என்று அவர் முணுமுணுக்கிறார். அவருக்கும் மூத்திரப்பை இருக்கிறது என்பதை அவருக்கே யாரும் சொல்லித்தரவில்லை.

மகப்பேறு விடுப்பும் அப்படித்தான். தமிழ்நாட்டில் நிரந்தர அரசு ஊழியருக்கு அது 2016இல் ஒன்பது மாதமானது, 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு. இந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத உரிமை. முழு மனதோடு வரவேற்கிறேன். ஓராண்டு முடிந்து திரும்பி வருகிறவள் குழந்தையை எங்கே விடுவாள்? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நான் வேலை பார்த்த எந்த அலுவலக வளாகத்திலும் அப்படி ஓர் அறையைப் பார்த்ததில்லை. வாகனம் நிறுத்தக் கொட்டகை இருந்தது, அதிகாரியின் காருக்குத் தனிக் கொட்டகை.

அரசு நல்ல எசமானன் என்று நினைக்கும் மாணவிகளுக்கு ஒரு பழைய செய்தி. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி. பி. முத்தம்மா. அந்தப் பணியின் விதிப்படி, ஒரு பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கிறது என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆணுக்கு இந்த விதி இல்லை. அரசமைப்புச் சட்டம் வந்து முப்பது ஆண்டு ஆகப்போகும் நேரத்தில், 1979இல், அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை உடைத்தது 1981இல். அந்த நிறுவனமும் அப்போது அரசுடையதுதான். இவற்றில் எதையும் அரசு தானாக முன்வந்து கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்கேலுக்குள் இருக்கும் எங்களைப் பற்றியது. எங்கள் வீட்டில் இன்னொரு பெண்ணும் அரசு வேலை பார்த்தாள். என் அம்மா.

அம்மா பால்வாடி டீச்சர். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவள். ஊரில் யாரும் அவளை டீச்சர் என்று மட்டும்தான் கூப்பிட்டார்கள், பெயர் சொன்னதில்லை. அரசு மட்டும் டீச்சர் என்று சொல்லவில்லை. அவளுக்குச் சம்பளம் கிடையாது, 'மதிப்பூதியம்'. மதிப்புக்காகத் தரப்படும் ஊதியமாம். ஊதியம் கேட்டால் மதிப்பைக் காட்டுவார்கள், மதிப்பைக் கேட்டால் ஊதியத்தைக் காட்டுவார்கள். என் காதுக்கு அது ஒரு வசவு. நாகரிகமான உடை போட்ட வசவு.

நான் 1992இல் இளநிலை உதவியாளராக முதல் சம்பளம் வாங்கி வந்த அன்று அம்மா கவரைப் பிரித்து எண்ணினாள். இரண்டாவது முறை எண்ணினாள். பிறகு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் வேலை பார்த்தவளின் மாத வருமானத்தை அன்றைக்குச் சேர்ந்த மகளின் சம்பளம் பல மடங்கு தாண்டிவிட்டது என்பது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

"அரை நாள் வேலைதானே" என்பார்கள். அம்மாவின் அரை நாளைச் சொல்கிறேன். காலையில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கூட்டி வர வேண்டும். எடை போட வேண்டும். வாடிப்போன குழந்தையின் அட்டையில் வளைகோடு கீழே இறங்கினால் தாயைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். சமையலுக்கு அளந்து கொடுக்க வேண்டும், விறகு ஈரம் என்றால் தானே ஊத வேண்டும். பாட்டு, கதை, தூக்கம். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு. தடுப்பூசி நாளில் நர்ஸ் வரும்போது குழந்தைகளைத் திரட்டி வைக்க வேண்டும். 1995இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. பதிவேடுகளை எழுதுவது இரவில், வீட்டில், எங்கள் அரிக்கேன் விளக்கில். மண்ணெண்ணெய் எங்களுடையது. இன்று பதிவேடு கைபேசிக்குள் போய்விட்டது. போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றச் சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஏறுகிறார்கள் அம்மாவின் வழி வந்தவர்கள்.

மத்திய அரசு இந்தப் பெண்களுக்குத் தரும் மதிப்பூதியத்தை 2018இல் உயர்த்தியது. பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500, உதவியாளருக்கு 1,500லிருந்து 2,250. உயர்த்திய பிறகுதான் இது! மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டுப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து போராடிச் 'சிறப்புக் காலமுறை ஊதியம்' வாங்கினார்கள். அதில் அந்தச் 'சிறப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்களுக்கெல்லாம் வெறும் காலமுறை ஊதியம். அதற்குச் சமமாகக் கொடுக்க மனமில்லாதபோது 'சிறப்பு' முன்னால் வந்து நிற்கும்.

உதவியாளரை ஊரில் ஆயா என்போம். ஆயாவின் நிலை அம்மாவைவிடக் கீழே. ஆயா தலித் பெண்ணாக இருந்தால் அதற்கும் கீழே. 2018இல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அது ரத்தானது. பெண் காவலரைச் சாலையிலிருந்து எடுத்தது நினைவிருக்கிறதா? நிலைமையை மாற்றாதே, பெண்ணை மாற்று. இங்கே கூடவே சாதிக்கும் ஒரு கும்பிடு.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவிகள் கேட்பார்கள். கர்நாடக அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரின் வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவர்கள் அரசுப் பதவி எதையும் வகிக்கவில்லை என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்கள் தேர்தலில் நிற்கத் தடை இல்லை என்பது. 2022 ஏப்ரலில் குஜராத் பணியாளர்களின் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இவர்கள் செய்வது சட்டம் விதித்த கடமை, இவர்கள் வாங்குவது கூலிதான், பணிக்கொடை உண்டு என்றது. ஒரு திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்குகிறது. அதில் உழைத்தவர்கள் வாங்கியது கூலி என்று ஒப்புக்கொள்ள 47 ஆண்டுகள்.

இங்கே நான் பன்வாரி தேவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்கு அருகே பதேரி கிராமம். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்', தோழி என்று பொருள், அதுதான் அவர் வேலை. அவருக்கும் மதிப்பூதியம்தான். குழந்தைத் திருமணங்களைத் தடுப்பது அரசு அவருக்குக் கொடுத்த பணி. ஒரு வயதுகூட ஆகாத பெண் குழந்தையின் கல்யாணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் ஆதிக்கச் சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. அந்த அநீதியை முன்வைத்துப் பெண் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் விசாகா நெறிமுறைகள் வந்தன. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வந்தது. இன்று சென்னையின் கண்ணாடிக் கட்டடங்களில் உள்ளகக் குழுவின் அறிவிப்பு மாட்டியிருக்கிறதே, அதன் வேர் ஒரு மதிப்பூதியப் பெண்ணின் வயல்வெளி. பணியிடம் என்றால் என்ன என்று இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவளிடம் பணி நியமன ஆணை இல்லை.

அந்தச் சட்டம் ஊதியம் பெறாத தன்னார்வலரையும் ஊழியர் என்ற வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. நல்லது. ஆனால் ஓர் அங்கன்வாடி மையத்தில் இருப்பது இரண்டு பேர். உள்ளகக் குழு கிடையாது. ஊர்ப் பெரிய மனிதன் ஒருவன் மாலையில் கதவருகே வந்து நின்றால், அவள் மாவட்டத் தலைநகரிலிருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். பஸ் ஏற விடுப்பு வேண்டும். விடுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இப்போது என் பங்கு. நான் தேர்தல் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். வாக்குச்சாவடி நிலை அலுவலர்களை நியமிக்கும் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். ஆள் எங்கே கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள், மறுத்துப் பேசாதவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். 'அலுவலர்' என்று அடையாள அட்டை அடித்துக் கொடுத்தோம். வாக்காளர் படிவத்தோடு வீடு வீடாக அலையும் வரைக்கும் அவள் அலுவலர். ஒரு பெயர் விட்டுப்போனால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. அதுவும் அலுவலருக்கு அனுப்புவது போலவே. வேலை முடிந்ததும் பழையபடி மதிப்பூதியப் பணியாளர். ஓர் அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து, "மேடம், மையத்தை யார் பாக்குறது? புள்ளைங்க வந்து நிக்கும்" என்றாள். நான் நிமிர்ந்து பார்க்காமல், "மேலிடத்து உத்தரவும்மா" என்றேன். பால்வாடி டீச்சரின் மகள் சொன்ன பதில் அது.

வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு தங்க வேண்டிய பள்ளிகளில் தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ் இருக்கிறதா என்று பெண் ஊழியர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது, கேட்டதில்லை. நானே சாவி கேட்க வெட்கப்பட்டு நின்றவள், அடுத்தவளுக்கான சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன். ஸ்கேலுக்குள் வந்த பெண்களான நாம் எதைக் காத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறோம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். "நான் அவர்களைப் போல இல்லை, நான் அரசு ஊழியர்" என்ற அந்தச் சின்னப் படியை.

"அரசிடம் நிதி இல்லை" என்பது கடைசி வாதம். இருக்கட்டும். நிதி இல்லாத அரசு, மணல் லாரி மடக்கும் ஆர்.ஐ.யை மதிப்பூதியத்துக்கு அமர்த்தியிருக்கிறதா? ஜீப் ஓட்டுநரைத் தன்னார்வலர் என்று அழைத்திருக்கிறதா? குழந்தையைத் தூக்குவது, சோறூட்டுவது, நோயாளியைத் துடைப்பது, கர்ப்பிணியின் காலைப் பிடித்து வீக்கம் பார்ப்பது, இவற்றைச் செய்யும்போது மட்டும்தான் கஜானா காலியாகிறது. வீட்டில் இலவசமாகச் செய்கிறவள்தானே, வெளியில் பாதி விலைக்குச் செய்யட்டும் என்பதுதான் உள்ளே இருக்கும் கணக்கு. அதற்கு வைத்த பெயர் சேவை. 2015இல் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று அரசு மருத்துவமனைகளுக்கு வந்த செவிலியர்களை 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வைத்ததும் இந்தக் கணக்குதான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு உட்கார்ந்தபோது நோயாளிகளை மறந்தவர்கள் என்று பேசினார்கள். நோயாளிகளை மறக்காதவர்கள் 7,700க்கு வேலை பார்க்க வேண்டுமாம்.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ஒன்று சொல்வேன். சேரும் நாளில் சீட் என்ன என்று கேள், கழிப்பறை எங்கே என்று கேள், உள்ளகக் குழுவின் தலைவர் யார் என்று கேள். "வந்த அன்னைக்கே கேள்வியா" என்பார்கள். கேட்டபின் உன் மேசைக்கு எதிரே மனுவோடு நிற்கும் மதிப்பூதியப் பெண்ணை உட்காரச் சொல். சங்கக் கூட்டத்தில் ஊதியக் குழுவைப் பற்றிப் பேசும்போது அவளுடைய கோரிக்கையை எட்டாவதாக, ஒன்பதாவதாகப் போடுவார்கள். அதை முதலாவதாகப் போடச் சொல்லி அடம்பிடி.

அம்மாவுக்கு இப்போது எண்பது ஆகப்போகிறது. 20 ஆண்டுகள் உழைத்து, கையில் ஒரு சிறு தொகையோடு வீட்டுக்கு வந்தவள். 2022 தீர்ப்புச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது, "நமக்கும் வருமா?" என்றாள். நாட்கள் ஓடிவிட்டன, சிக்கல்கள் உண்டு, சட்டம் தெரிந்த தோழியிடம் கேட்டிருக்கிறேன் என்றேன். மனு எழுத உட்கார்ந்தோம். பெயர், ஊர், மையத்தின் எண், சேர்ந்த தேதி. மைய எண் அவளுக்கு மனப்பாடம். வகித்த பதவி என்ற இடத்தில் பேனா நின்றது. நான் 'அங்கன்வாடிப் பணியாளர்' என்று எழுதப் போனேன். "அது என்னடி, டீச்சர்னு போடு" என்றாள். போட்டேன். அலுவலகத்தில் சுழித்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி எத்தனை மனுவைத் திருப்பியிருக்கிறேன்.